அண்ணனுக்குத்தான் கேட்கிறேன்

என் இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை என்று டாக்டர் சொன்னபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது. திருநெல்வேலியில் ஒரு மருத்துவமனையில் மூன்று நாள் படுத்துக் கிடந்திருக்கிறேன். நெஞ்சு முடியைச் சிரைத்துவிட்டார்கள். ஊசி குத்திய மணிக்கட்டு நீலம் பாரித்திருக்கிறது. இவ்வளவுக்கும் பிறகு ஒன்றுமில்லை என்றால், கடையில் மூச்சு முட்டிக் கீழே விழுந்தவன் யார்?

நான் சங்கரன்கோவில்காரன். வயது ஐம்பத்திரண்டு. கோயில் பக்கத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கிறோம். கல்யாணச் சீர் குடம், தூக்குவாளி, குத்துவிளக்கு, எல்லாவற்றிலும் பெயர் வெட்டிக் கொடுப்பது என் வேலை. அந்தச் சின்ன மிஷின் கையில் இருந்தால் எனக்கு உலகம் தெரியாது. விலை பேசுவது, வரவு செலவு, யாருக்கு எவ்வளவு குறைப்பது என்பதெல்லாம் என் அண்ணன். யாராவது என்னிடம் வந்து, "கொஞ்சம் பார்த்துப் போடுங்க அண்ணாச்சி" என்றால், "அண்ணனக் கேட்டுச் சொல்லுதேன்" என்பேன். முப்பது வருடம் எதற்கும் இதே பதில்தான். எனக்குப் பிடிக்காத சம்பந்தத்தைத் தட்டிக்கழித்ததுகூட அண்ணன் பெயரைச் சொல்லித்தான்.

போன ஆவணியில், கல்யாண நெரிசலில், அண்ணன் என் பக்கம் திரும்பி, "ஏலே, நெஞ்சு என்னமோ போல இருக்குல" என்றார். நாற்பது குடத்துக்குப் பெயர் வெட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வாயுவா இருக்கும்ணே, சோடா குடிங்க" என்று எதிர்க்கடையில் வாங்கிவரச் சொல்லிக் கொடுத்தேன். குடித்தார். கொஞ்சம் கண்ணசருகிறேன் என்று சரக்கு வைக்கும் பின்னறைக்குப் போய்ப் படுத்தார். நாற்பதாவது குடத்தை முடித்துவிட்டுத்தான் போய்ப் பார்த்தேன். உடம்பு சில்லிட்டிருந்தது. மாரடைப்பு என்றார்கள்.

அண்ணன் மனைவி, என் மதினி, கடைக்கு ஓடி வந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "அவுக ஒண்ணுமே சொல்லலியா தம்பி?"

"ஒண்ணுமே சொல்லல மதினி. திடீர்னு விழுந்துட்டாரு" என்றேன்.

இதுதான் என் நோய். இதைச் சொல்ல ஒரு ஆள் கிடைக்க எனக்கு ஏழு மாதம் ஆனது. இதேபோல் எதையாவது நெஞ்சில் வைத்துக்கொண்டு யாரிடம் போவது என்று தெரியாமல் இருப்பவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

காரியம் முடிந்து கடையைத் திறந்தேன். பின்னறைக்குள் மட்டும் போகமாட்டேன், சரக்கை வெளியிலேயே அடுக்கிக்கொண்டேன். மதினி வீடு எங்கள் வீட்டை ஒட்டியே இருக்கிறது. அவர் மகனுக்குக் கோயம்புத்தூரில் வேலை. தனியாக இருந்தாலும் தினமும் ஒரு கிண்ணம் குழம்பு எங்களுக்கு வந்துவிடும். அது என் தொண்டையில் இறங்காது. வயிறு சரியில்லை என்று தள்ளிவிடுவேன்.

தை முதல் முகூர்த்தத்துக்குப் பெயர் வெட்ட உட்கார்ந்தபோது நெஞ்சு படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. கைவிரல் மரத்தது. காற்று உள்ளே போகவே இல்லை. செத்துவிட்டேன் என்றே நினைத்தேன். முதலில் எங்கள் ஊரில் பார்த்துவிட்டு ஆம்புலன்ஸில் திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். கூடவே வந்த என் மனைவி கோமதி வழி முழுக்க என் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். கோமதி அம்மன் குடியிருக்கிற எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு கோமதி உண்டு. என் வீட்டுக் கோமதி வாயாடி. அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை.

அங்கே எல்லாப் பரிசோதனையும் செய்தார்கள். இசிஜி என்பது நெஞ்சிலும் கைகாலிலும் வயரை ஒட்டி இதயத்துடிப்பைக் கோடாக வரைவது. டிரோபோனின் என்று ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் கசியும் ஒரு பொருள் அது. சில மணி நேரம் விட்டு இரண்டு முறை பார்த்தார்கள், இல்லை. எக்கோ என்பது பிள்ளைத்தாய்ச்சிக்கு எடுக்கும் ஸ்கேன் போல, இதயத்துக்கு. கடைசியாக ஆஞ்சியோ. மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயை விட்டு, ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்ப்பது. ஒவ்வொன்றுக்கும் வெளியே பெஞ்சில் காத்திருக்க வேண்டும். அங்கே உட்கார்ந்திருக்கிற எல்லோரும் அடுத்தவரின் ஃபைல் எவ்வளவு தடிமன் என்றுதான் பார்ப்பார்கள். என் ஃபைல் மூன்றாம் நாள் நல்ல கனமாகிவிட்டது. பில்லும் அதற்குத் தகுந்தாற்போல்தான்.

"உங்களுக்கு வந்தது பேனிக் அட்டாக்" என்றார் டாக்டர். பொறுமையாக விளக்கினார். பாம்பைப் பார்த்தால் உடம்பு ஓடத் தயாராகிறது. இதயம் வேகமாக அடிக்கும், மூச்சு வாங்கும். எதிரில் பாம்பே இல்லாதபோதும் உடம்பு அப்படித் தயாரானால் அதுதான் இது. உயிருக்கு ஆபத்தில்லை, கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கிவிடும். ஆனால் வருகிறபோது சாவு வருவதாகவே தோன்றும். "ஒரு மனநல மருத்துவரையோ கவுன்சலரையோ பாருங்க" என்றார்.

காரில் திரும்பி வரும்போது கோமதி தன் வாயைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள். "நெஞ்சு நல்லா இருக்குன்னு சொன்னதுக்கு இப்படியா மூஞ்சியத் தூக்கி வச்சிருப்பீக? அடைப்பு இருந்திருந்தா சிரிச்சிருப்பீக போல." சொல்லிவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள்.

முதலில் திருநெல்வேலியிலேயே ஒரு மனநல மருத்துவரிடம் போனேன். டாக்டருக்குப் படித்து அதன் மேல் மனநோய் வைத்தியமும் படித்தவர் அவர், மாத்திரை எழுதலாம். கவுன்சலர் மாத்திரை தரமாட்டார், பேசுவார், பேசவிடுவார். இந்த வித்தியாசமே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கோமதியை வெளியே உட்காரவைத்துவிட்டு உள்ளே போனேன். "என்ன பிரச்சனை?" என்றார். வாயைத் திறந்தேன், பழக்கம் வந்து நின்றது.

"எனக்கு இல்ல டாக்டர். எங்க அண்ணனுக்குத்தான் கேக்கேன்."

"ஆளைப் பார்க்காம நான் மாத்திரை எழுத முடியாதே. அவரைக் கூட்டிட்டு வாங்க" என்றார். நியாயமான பேச்சு. நான் தலையாட்டிவிட்டு வெளியே வந்து, "ஒண்ணும் இல்லைன்னுட்டாரு" என்று கோமதியிடம் சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

அடுத்து கோவில்பட்டியில் ஒரு கவுன்சலர். சுவர் முழுக்கச் சூரியன் உதிக்கிற படங்கள். அவரிடமும் அண்ணனுக்குத்தான் என்றேன். அவர் அதைப்பற்றிக் கவலைப்படவில்லை. முக்கால் மணி நேரம் தான் எப்படி வாழ்க்கையில் முன்னுக்கு வந்தேன் என்று சொன்னார். "உங்க அண்ணனை எப்பவும் பாசிட்டிவா இருக்கச் சொல்லுங்க" என்று ஒரு தாள் கொடுத்தார். காலையில் கண்ணாடி முன் நின்று, நான் வெற்றியாளன், நான் வெற்றியாளன் என்று சொல்ல வேண்டுமாம். முகத்தில் சவர நுரையோடு இரண்டு நாள் சொன்னேன். மூன்றாம் நாள் கோமதி கதவைத் தட்டி, "எந்தப் போட்டியில ஜெயிச்சீக?" என்று கேட்டாள். விட்டுவிட்டேன். அவரைக் குறை சொல்லவில்லை. நல்ல மூடிதான், என் பாத்திரத்துக்குச் சேரவில்லை.

மூன்றாவதாக செல்போன் வழியாகச் சென்னையில் ஒரு அம்மா. தங்கமான மனுஷி. ஆனால் பேச்சில் பாதி இங்கிலீஷ். என்ன கேட்கிறார் என்று யோசித்து, என் பேச்சை அவருக்குப் புரிகிற தமிழுக்கு மாற்றிச் சொல்வதற்குள் சொல்ல வந்ததே ஆறிப்போய்விடும். அதைவிடப் பெரிய சங்கடம், எங்கே உட்கார்ந்து பேசுவது என்பது. வீட்டுச் சுவர் மெல்லிசு. மாடிக்குப் போனால் அடுத்த மாடியில் மதினி வத்தல் காயப்போட்டுக்கொண்டு, "சாப்ட்டீகளா தம்பி?" என்பார். யார் காதுக்குப் போகக் கூடாதோ அவர் எட்டடி தூரத்தில். இரண்டு முறை பேசி, சிக்னல் இல்லை என்று பொய் சொல்லி நிறுத்திக்கொண்டேன்.

இதற்கிடையில் கோமதி என்னைக் கோயிலுக்கு அழைத்துப்போனாள். மாவிளக்குப் போட்டாள். அம்மன் சன்னதிக்கு எதிரே இருக்கிற சக்கரக் குழியில் உட்காரச் சொன்னாள். மனசு சரியில்லாதவர்கள் அதில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து எழுந்தால் தெளியும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. எங்கெங்கோ இருந்து வருகிறார்கள். உள்ளூர்க்காரனான நான் அதுவரை உட்கார்ந்ததில்லை. அங்கே இருந்த நேரம் மூச்சு ஒழுங்காக வந்தது, அதை மறைக்க மாட்டேன். அம்மனிடம் எல்லாவற்றையும் சொல்லியும் விட்டேன். ஆனால் நான் பொய் சொன்னது அம்மனிடம் இல்லையே. வீட்டுக்கு வந்தால் குழம்புக் கிண்ணம் மூடி வைத்திருந்தது.

அரசாங்கத்தின் இலவசத் தொலைபேசி உதவி ஒன்று இருக்கிறது என்று கோமதிதான் எங்கேயோ கேட்டுவந்து போன் செய்தாள். அவர்கள் சொன்ன பதிலில் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் ஊர் அரசு மருத்துவமனைக்கே வாராவாரம் வியாழக்கிழமை மனநல டாக்டரும் கவுன்சலரும் வருகிறார்களாம். நான் திருநெல்வேலி, கோவில்பட்டி, சென்னை என்று தேடிக்கொண்டிருக்கிறேன், ஆளோ நடந்துபோகிற தூரத்தில் இருக்கிறார்.

ஆனால் உள்ளூரில் அந்த வாசலில் எப்படிப் போய் நிற்பது? ஊரில் பாதிப் பேர் வீட்டுக் குடத்தில் என் கையெழுத்து இருக்கிறது. அந்த வியாழக்கிழமை போனேன். மனநலச் சீட்டு வரிசையில் நிற்கத் தைரியம் வரவில்லை, பக்கத்திலிருந்த சுகர் வரிசையில் போய் நின்றேன். நினைத்த மாதிரியே ஒரு வாடிக்கைக்காரர் வந்தார். "என்ன அண்ணாச்சி, உமக்கும் சுகரா?"

"ஆமா வே, சுகர்தான்."

சொன்ன பாவத்துக்கு அவரோடு வரிசையில் நகர்ந்து, விரலில் குத்தி ரத்தம் எடுத்து, முடிவுக்காகவும் காத்திருக்க வேண்டியதாயிற்று. சுகர் இல்லை. எந்த ஆஸ்பத்திரியும் எனக்கு ஒரு வியாதியைத் தரச் சம்மதிக்கவில்லை. அந்த ஆள் போன பிறகுதான் சீட்டைப் போட்டு, கவுன்சலர் அறைக்குள் நுழைந்தேன்.

அறை என்று சொல்லக்கூடாது. மருந்துப் பெட்டிகள் அடுக்கியிருந்த ஒரு மூலை. கதவு சரியாகச் சாத்தாது. கவுன்சலர் திருவேங்கடம் ஊர்ப் பக்கத்துப் பெண், முப்பது வயது இருக்கும். என்னை உட்காரச் சொல்லிவிட்டுத் தன் நாற்காலியை இழுத்துக் கதவுக்கு முட்டுக்கொடுத்து, அதிலேயே உட்கார்ந்துகொண்டாள். எனக்கு அதிலேயே பாதி பயம் போனது.

"யாருக்கு அண்ணாச்சி?"

"எங்க அண்ணனுக்கு."

ஆளைக் கூட்டிவரச் சொல்லுவாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. "சரி, அண்ணனுக்கு என்ன செய்யுதுன்னு சொல்லுங்க" என்றாள். மூச்சு முட்டுவது, கை மரப்பது, சாப்பாடு இறங்காதது எல்லாம் சொன்னேன். பேனாவைத் தொடாமல் கேட்டாள்.

"அண்ணன் எதுக்கு ரொம்பப் பயப்படுதாக?"

"கடைக்குள்ள போகணும்னா பயம். கடையில பின்னால ஒரு ரூம் இருக்கு. அதுக்குள்ள போக மாட்டாரு."

"இப்போ அண்ணன் எங்க இருக்காக? வீட்லயா?"

மருந்துப் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். மின்விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது. அவள் அவசரப்படுத்தவில்லை. வெளியே யாரோ கதவைத் தள்ளினார்கள். "ஆள் இருக்காக, கொஞ்சம் பொறுங்க" என்று திரும்பாமலே சொன்னாள்.

"அவரு செத்துட்டாரு" என்றேன். "ஏழு மாசமாச்சு."

சொன்னதும் அழுதேன். அண்ணனை எடுத்த அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை. அவள் தன் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். "அப்போ இதெல்லாம் உங்களுக்குத்தான் அண்ணாச்சி" என்று மட்டும் மெல்லச் சொன்னாள். அதில் பொய் பிடித்த தொனி இல்லை.

சோடாவைச் சொன்னேன். நாற்பது குடத்தைச் சொன்னேன். மதினியிடம் சொன்ன பொய்யைச் சொன்னேன். உங்கள் மேல் தப்பில்லை என்று அவள் சட்டென்று சொல்லியிருந்தால் நான் எழுந்து வந்திருப்பேன், ஏனென்றால் நம்பியிருக்க மாட்டேன். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். "இதுக்கு முன்னால அண்ணன் நெஞ்சு ஒரு மாதிரி இருக்குன்னு சொன்னதே இல்லையா?"

"வாரத்துக்கு ஒருக்கா சொல்லுவாரு. கடையில நேரத்துக்குச் சாப்பிட மாட்டாரு, வாயுதான். சோடா குடிச்சா சரியாப் போவும்."

"அப்போ அன்னைக்கும் வழக்கமா செய்யுததத்தான செஞ்சிருக்கீக?"

அப்படி நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. தெருவில் நடந்து வரும்போது அந்தக் கேள்வியை எனக்கு நானே இரண்டு மூன்று முறை கேட்டுக்கொண்டேன். வீட்டில் கோமதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முழுசாகக் கேட்டுவிட்டு, ஒரு சோற்றுருண்டையை என் கையில் வைத்து, "மொதல்ல தின்னுங்க" என்றாள். அன்றைக்கு இறங்கியது.

தொடர்ந்து போனேன். அங்கே வரும் மனநல டாக்டரும் என்னைப் பார்த்துச் சில வாரங்களுக்கு மாத்திரை கொடுத்தார். தன்னிஷ்டத்துக்கு நிறுத்தக் கூடாது, நாம் சேர்ந்துதான் குறைக்க வேண்டும் என்றார். அந்தப் பெண் மூச்சை மெதுவாக வெளியே விடக் கற்றுக்கொடுத்தாள். முதல் வாரம் பின்னறை வாசலில் நின்றுவிட்டு வந்தால் போதும் என்றாள். அடுத்த வாரம் கோமதியோடு உள்ளே. கோமதி அங்கே உட்கார்ந்து பயறு புடைத்துக்கொண்டு, ஊர்வம்பு பேசிக்கொண்டிருப்பாள். ஒரு மாதத்தில் நானே தனியாகச் சரக்கு எடுத்தேன்.

எந்தக் கவுன்சலர் நல்லவர் என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு எனக்குச் சொல்லத் தெரிந்தது கொஞ்சம்தான். வீட்டில் பேசுகிற பேச்சிலேயே அவரிடம் பேச முடிகிறதா என்று பாருங்கள். நீங்கள் பேசாமல் இருக்கும்போது அவர் பொறுமையாக இருக்கிறாரா என்று பாருங்கள். அடிக்கடி போய்வர முடிகிற தூரமா என்பதும் முக்கியம், ஏனென்றால் ஒரே நாளில் தீருகிற காரியம் இல்லை. ஒருவரிடம் சேரவில்லை என்றால் அடுத்தவரிடம் போவதில் வெட்கம் ஒன்றும் கிடையாது. தயவுசெய்து அண்ணனுக்கு, தம்பிக்கு, சிநேகிதனுக்கு என்று போய் நிற்காதீர்கள். நான் அதில் இரண்டு மாதம் தொலைத்தேன்.

மதினியிடம் சொல் என்று அந்தப் பெண் ஒருபோதும் சொல்லவில்லை. "சொல்லணும்னு உங்களுக்குத் தோணுனா, அவுகளுக்கு அது எப்படி இருக்கும்னும் யோசிச்சுக்கோங்க" என்றாள். மூன்று வாரம் யோசித்தேன். மறைத்துவைத்துக்கொண்டு அவர் கை குழம்பை இனிச் சாப்பிட முடியாது என்று தெரிந்ததும், ஒரு சாயங்காலம் போய், ஆஸ்பத்திரியில் அந்தப் பெண்ணிடம் பேசிவருவது உட்பட எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

மதினி முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தார். கை நின்றது. முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா தம்பி" என்றார்.  எழுந்து உள்ளே போய் விளக்கேற்றினார். நான் வந்துவிட்டேன்.

நான்கு நாள் குழம்பு வரவில்லை. மாடியில் ஆள் நடமாட்டம் இல்லை. கோமதி இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு, "படுத்திருக்காக" என்றாள். எனக்கு மறுபடி விரல் மரக்க ஆரம்பித்தது. சொல்லியிருக்கக் கூடாதோ என்று நினைத்தேன்.

ஐந்தாம் நாள் மதியம், கூட்டம் இல்லாத நேரம், மதினி கடைக்கு வந்தார். அண்ணன் போன நாளுக்குப் பிறகு அவர் அந்தப் படியை மிதித்ததில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"உங்க மேல கோவம் இருந்துச்சு தம்பி. இல்லேன்னு சொல்ல மாட்டேன்."

"இருக்கும் மதினி."

"அன்னைக்குக் காலையில வீட்ல வச்சே அவுக சொன்னாக. இடது தோளு கடுக்குன்னு. சரக்கத் தூக்குனது சேரலன்னு, நான் தைலத்தத் தேச்சு அனுப்பி வச்சேன்." பின்னறைப் பக்கம் பார்த்தார். "கடையில ஒண்ணுமே சொல்லலன்னு நீங்க சொன்னீகள்லா. அப்போ என்கிட்ட மட்டும்தான் சொல்லியிருக்காக, நான்தான் கேக்காம விட்டுட்டேன்னு இத்தனை நாளும் இருந்தேன்."

நான் சொன்ன ஒரு பொய் அடுத்த வீட்டில் இப்படி உட்கார்ந்திருக்கிறது என்று எனக்குத் தெரியவே தெரியாது. என் பயத்தை மட்டுமே பார்த்துக்கொண்டு, தினமும் வந்த அந்தக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். மதினியின் காலடியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் என் தலையில் கை வைத்தார். இரண்டு பேரும் அழுதோம். வந்த வாடிக்கைக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, படியிறங்கிப் போய்விட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து மதினி மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்.

"ஆஸ்பத்திரிக்கு அந்தப் பிள்ள எந்தக் கிழமை வரும்?"

"வியாழக்கிழமை மதினி."

"கூட்டமா இருக்குமோ?"

"இருக்கும்."

"இருக்கட்டும். நானும் வாரேன்."